ஒரே சண்டை, ரெண்டு தண்டனை

"மகாராணியோட வீட்டுக்காரர் இந்த வருஷமே வெளிய வர்றாராம். இப்பவே திரைச்சீலையெல்லாம் துவைச்சாகுது!"

மூத்தவள் சத்தமாகவே சொன்னாள். மாடியிலிருக்கும் ஓரகத்தியின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இவர்களுடைய புருஷன்மார், அண்ணனும் தம்பியும், சேர்ந்து போட்ட சண்டை. அடித்தது ஒரே ஆளை. தம்பி தாமதமாகப் பிடிபட்டதால் அவனை வேறு நீதிபதி விசாரித்தார்.

'கொடூரமாக நடந்துகொண்டால் கூடுதல் தண்டனை' என்கிறது சட்டம். எது கொடூரம்? அதை மட்டும் சொல்லவில்லை. அண்ணனிடம் கொடூரம் தெரிந்தது ஒரு நீதிபதிக்கு. பன்னிரண்டு வருஷம். தம்பியிடம் அது தெரியவில்லை இன்னொருவருக்கு. மூன்றே வருஷம்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. இளையவள் சிரித்தால் எரிந்தது. சிரிக்காவிட்டால், 'நடிக்கிறா பாரு' என்று இன்னும் எரிந்தது.

அந்தச் சட்டப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அண்ணனின் வக்கீல் வழக்குப் போடப்போவதாகச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது. ஆனால் அவரைப் பார்க்கப் போன அன்று, அறைக்குள்ளிருந்து இளையவள் வெளியே வந்தாள்.

"உனக்கென்னடி இங்க வேலை?"

"சும்மாதான்க்கா."

சும்மாவா? கேஸைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறாள். என் புருஷனும் வந்துவிட்டால் இவள் பவுசு போய்விடுமே!

அன்றிலிருந்து பேச்சே இல்லை.

தீர்ப்பு வந்தது. அந்தப் பிரிவு செல்லாது, அண்ணனுக்குக் கொடுத்த கூடுதல் தண்டனை ரத்து. மூத்தவள் கோர்ட் வராந்தாவிலேயே வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தப் பொறாமை பிடிச்சவ கெடுக்கப் பார்த்தும் ஜெயிச்சுட்டீங்க சார்!"

வக்கீல் நின்றுவிட்டார்.

"கெடுக்கவா? ஒரே சண்டைக்கு ரெண்டு தண்டனைன்னு காட்டித்தான் ஜெயிச்சோம். எங்க கேஸையும் கோர்ட்ல காட்டுங்கன்னு வந்து நின்னதே அவங்கதான். நான்தான் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'வித்தியாசம் கூடாதுன்னா தம்பிக்கும் பன்னிரண்டு குடுங்க'ன்னு அரசு வக்கீல் கேட்பாரு, கோர்ட்டும் சரின்னுட்டா என்ன பண்ணுவீங்கம்மான்னு கேட்டேன்."

"அதுக்கு அவ?"

"'ராத்திரியெல்லாம் கீழ அக்கா அழுறது கேக்குது சார். நீங்க கேஸைப் போடுங்க'ன்னாங்க."