மூன்று முறை மாற்றிய சென்சார்

“ஊர்ல வேலை பார்த்த கராஜை விட்டு ஏம்மா வந்தே? அதை மொதல்ல சொல்லு.”

ஃபோர்மேன் முரளிதரன் சந்தியாவின் பயோடேட்டாவைப் புரட்டக்கூட இல்லை.

“ஒரு வண்டிக்கு இன்ஜினே போச்சுன்னு மேனேஜர் கஸ்டமர்கிட்ட சொன்னாரு. இல்ல, வயர்தான் போயிருக்குன்னு நான் சொன்னேன். கஸ்டமர் முன்னாடியே.”

“மேனேஜரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவரு தப்பாச் சொன்னதும் எல்லார் முன்னாடியும்தானே?”

முரளிதரன் எலக்ட்ரீஷியன் அன்பரசனைப் பார்த்தார். இருவரும் கண்ணாலேயே என்னவோ பேசிக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாயா என்பதாகத்தான் இருக்கும். சந்தியாவுக்கு இது பழகிப்போன பார்வை. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆட்டோமொபைல் வகுப்பில் அறுபது பையன்களுக்கு நடுவே ஒரே பெண். அப்படிப் படித்துவிட்டு ஷார்ஜாவுக்கு வந்தால், ஏறி இறங்கிய கராஜ் எல்லாம் ரிசப்ஷன் நாற்காலியைத்தான் காட்டின. விசிட் விசாவில் மிச்சம் நாலே நாள். இதுவும் போனால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

“அந்த வெள்ளை வண்டியைப் பாரு. மூணு மாசமா, ஓடிக்கிட்டிருக்கும்போதே பிக்கப் செத்துப்போகுது. த்ராட்டில் பாடி மாத்தியாச்சு. ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சார் மூணு தடவை மாத்தியாச்சு. கண்டுபிடிச்சா வேலை உனக்கு.”

“மூணு தடவையா? அது சென்சாரா, டயப்பரா?”

அன்பரசன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

சந்தியா ஸ்கேனரை மாட்டினாள். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள். ஒன்று காட்டுவதில் சரிபாதியை மற்றது காட்ட வேண்டும். கணக்குப் பிசகினால் கார் இரண்டையுமே நம்பாது, வேகத்தை அடக்கிக்கொள்ளும். பெடலைக் கையால் மெல்ல அழுத்தினாள். அழுத்த அழுத்த இரண்டு எண்களும் ஒழுங்காக ஏறின. வயரை ஆட்டிப் பார்த்தாள். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு மணல் துகள்கூட இல்லை. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அப்புறம்தான், பிக்கப் செத்த நொடிகளில் என்ன நடந்தது என்று காரின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததை எடுத்துப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். குனிந்து, போன் வெளிச்சத்தில் பிரேக் பெடலைப் பார்த்தாள். எழுந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

சுலைமானி டீயோடு கண்ணாடி அறையிலிருந்து முதலாளி கலீலுர் ரஹ்மான் வந்தார். கீழக்கரைக்காரர். இருபத்திரண்டு வருஷம் ரீகவரி வண்டி ஓட்டி, நடுரோட்டில் நின்றுபோன கார்களை இழுத்துப் போட்டே இந்த கராஜைக் கண்டவர்.

“என்ன பிள்ளை, சென்சார்தானே?”

“சென்சார் நல்லாருக்கு சார். ஓட்டுறவர் கால்தான் ரிப்பேர்.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

“புரியும்படியாச் சொல்லு.”

“பிக்கப் போன ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஒண்ணா அழுந்தியிருக்கு. அப்படி அழுத்தினா இந்த வண்டி பிரேக்கைத்தான் நம்பும், இன்ஜினை அடக்கிரும். ஒத்தைக் காலால ரெண்டையும் மிதிக்க முடியாது. பிரேக் ரப்பரைப் பாருங்க, இடது ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. ஓட்டுறவர் காலமெல்லாம் கியர் வண்டி ஓட்டினவர். இது ஆட்டோமேட்டிக். இல்லாத கிளட்சை அவர் இடது கால் தேடுது.”

“ஓட்டுறது நான்தான்” என்றார் கலீலுர் ரஹ்மான்.

யாரும் தலை நிமிரவில்லை.

“இருபத்திரண்டு வருஷம், ஒரு கீறல் கிடையாது. என் காலையா சொல்றே?”

முரளிதரன் அவசரமாகக் குறுக்கே வந்தார். “சென்சார்லயும் ஒரு சந்தேகம் இருக்கும்லம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

ஆமா சார், சென்சார்தான். அவ்வளவு சொன்னால் போதும், விசா. நாலு நாளை நினைத்ததும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“யோசிக்க ஒண்ணுமில்ல. சார், இடது காலைப் பின்னாடி இழுத்து வச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. ஒரு தடவை பிக்கப் செத்தாலும் நான் இப்பவே கிளம்புறேன்.”

அவர் டீ கிளாஸை பானெட் மேல் டக்கென்று வைத்தார். சாவியை வாங்கினார்.

கால் மணி நேரம். ஒருத்தர்கூட ஸ்பேனரைத் தொடவில்லை. வெள்ளைக் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்து நின்றது. இறங்கிய கலீலுர் ரஹ்மானின் கையில், கால் மறந்துபோய் பிரேக்குக்கு நீளாமலிருக்கக் கழற்றிய இடது கால் செருப்பு இருந்தது.

“இந்தப் பிள்ளைக்கு நாளைக்கே விசாவுக்குப் போடு” என்று முரளிதரனிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்தியா முரளிதரன் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு லேசான ஃபால்ட். மூணு மாசமா உங்க ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியலையா சார்?”

முரளிதரன் கண்ணாடிக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மொத வாரமே கண்டுபிடிச்சிட்டோம்மா. உனக்கு முன்னாடி இன்டர்வியூவுக்கு வந்த மூணு இன்ஜினியரும்தான் கண்டுபிடிச்சாங்க. ‘ஓட்டுறது நான்தான்’னு பாய் சொன்னதும் ஆளுக்கு ஒரு சென்சாரை மாத்திட்டுப் போயிட்டாங்க. நாங்க தேடினது கண்டுபிடிக்கிற ஆளை இல்ல, அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளை!”