கைமாறிய கலயம்

"கலயத்தைக் கையை உட்டு எறக்குனியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு!"

பள்ளிபாளையம் படித்துறையில் நின்று பெரியசாமி போட்ட சத்தம், காவேரியைத் தாண்டி ஈரோட்டுக்கே கேட்டிருக்கும்.

எதிரே தம்பி மகன் நாச்சிமுத்து. மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண் கலயம் ஒன்றை மார்போடு அணைத்திருந்தான். உள்ளே அவன் அப்பா காளியண்ணன், ஒரு படி சாம்பலாக.

இருபது வயதில் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் காளியண்ணன். "எங்க எரிச்சாலும் என்னைக் காவேரியில கரைச்சிரு" என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

கப்பலில் வந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்து சேர முடியாது. தோட்டத்தில் லாரி ஓட்டும் நாச்சிமுத்து, பேர்கூட வாயில் நுழையாத ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் விமானத்தில் ஏறிவிட்டான். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற வம்சத்தில் ஆகாயத்தில் பறந்த முதல் ஆள் அவன். இரண்டாவது ஆள், அவன் மடியில் இருந்த அப்பா.

"ஆத்துல எறங்குற வரைக்கும் செத்தவன் தரையில எறங்கக் கூடாதுடா" என்றார் பெரியசாமி. "கலயத்தை எங்க கீழ வெக்கறயோ, உசுரு அங்கயே தங்கிக்கும். அப்புறம் இங்க கரைக்கறது வெறுஞ் சாம்பலு."

"தெரியுமுங்க பெரியப்பா. மெட்ராஸ்ல இருந்து ஈரோடு வரைக்கும் ரயில்ல மடியிலயேதான் வெச்சிருந்தேன்."

"ரயிலை ஆரு கேட்டா? ப்ளேனைக் கேக்கறேன்!"

நாச்சிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ப்ளேன்ல ஒரு மணி நேரம் எங்கையில இல்லீங்க."

அத்தை பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்ன ஆரு கையில இருந்துச்சு?"

"அதுல சாப்பாடு குடுக்கற ஒரு வெள்ளக்கார அம்மிணிங்க. கடல் மேல வாறப்ப மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டமுங்க. குண்டுங்குழியுமான ரோட்டுல லாரி போறாப்பல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. எல்லாரும் பெல்ட்டை மாட்டிக்கோணும், கையில ஒரு சாமான் இருக்கக் கூடாதுன்னு ஜாடை பண்ணுனாங்க. கலயத்தைச் சீட்டுக்கு அடியில வெக்கச் சொல்லிக் கையைக் காட்டுனாங்க."

"வெச்சியா?"

"மாட்டேன்னுட்டனுங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல 'ஃபாதர், ஃபாதர்'னு கலயத்தைத் தொட்டுக் காட்டுனேன். தரையைக் காட்டி, கூடாதுன்னு கும்புட்டேன். அழுகை வந்துருச்சுங்க. அந்த அம்மிணி என்ற மூஞ்சியையே பாத்தாங்க. அப்புறம் வெடுக்குன்னு கலயத்தை வாங்கிட்டுப் பொறகால போயி, திரையை இழுத்து உட்டுட்டாங்க."

"வாங்கலைடா, புடுங்கிட்டா!" பெரியசாமி துள்ளினார். "நம்மளை ஆண்ட திமிரு அதுக்குள்ள போயிருமா? அவளுக்கு அது அப்பனா, ஆத்தாளா? எச்சித் தட்டோட தட்டா மூலையில தள்ளியிருப்பா."

"இல்லீங்க பெரியப்பா, அப்புறம் பாத்தா..."

"அப்புறமென்ன அப்புறம்! எந்தம்பி எந்தக் கடல் மேல அந்தரத்துல நிக்கறானோ!"

முப்பது வருஷமாகத் தம்பி முகத்தைப் பார்க்காத மனுஷர், பாவம். கோபம் கோபம் என்று வெளியே கொட்டியதெல்லாம் அந்தத் துக்கம்தான்.

"இது வெறுஞ் சாம்பலு. பங்காளிக ஒருத்தரும் தண்ணியில எறங்க வேண்டாம். அவன் எங்க வேணா கொண்டுபோய்க் கொட்டட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பங்காளிகள் கழற்றி வைத்த துண்டுகளை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்கள். நாச்சிமுத்து கலயத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு நின்றான். அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தாயிற்று. காவேரி இரண்டே படி கீழே ஓடிக்கொண்டிருந்தது.

பாவாயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணா, அவனைப் பேசத்தான் உடுங்களேன்! நீ சொல்லு சாமி. அப்புறம் என்ன ஆச்சு?"

"ஆட்டம் நின்னதும் பெல்ட்டை அவுத்துட்டு ஓடுனனுங்க அத்தை. திரையை வெலக்கிப் பாத்தேன். அங்க சின்னதா ஒரு மடக்கு நாக்காலிங்க. அந்த அம்மிணி அதுல உக்காந்து, கலயத்தை மடியில வெச்சு, ரெண்டு பேத்துக்கும் சேத்து பெல்ட்டை மாட்டியிருந்தாங்க."

பெரியசாமி அவனையே பார்த்தார். கலயத்தைப் பார்த்தார்.

"மடியிலயா?"

"மடியிலதானுங்க."

பெரியசாமி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பங்காளிகள் ஒவ்வொருவராகப் பின்னால் இறங்கினார்கள். தம்பியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவருக்கு அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏஞ்சாமி, அத்தனை குலுக்கல்ல அந்த அம்மிணி எதைப் புடிச்சுட்டு உக்காந்திருந்துச்சு?"

"ஒண்ணையும் புடிக்கலீங்க பெரியப்பா. ரெண்டு கையும் அப்பா மேலதான் இருந்துச்சு. அதான், நெத்தி செவுத்துல மோதி ரத்தம் வழிஞ்சுட்டிருந்துச்சுங்க."