களிமண் சீதனம்

"அந்தக் களிமண் பலகையைக் குடுக்காட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம், அப்பா."

"நான் செத்தாலும் குடுக்கமாட்டன்."

டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடி முழுக்கக் கேட்டது. யேசுரட்ணம் ஏலத்தில் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் நாலாயிரம் வருடத்து ஈராக்குப் பலகைக்குத்தான் சண்டை; ஆப்பு வடிவ எழுத்துப் பொறித்த களிமண். சீதனத்தை மாப்பிள்ளை வீட்டார் கேட்டுத்தான் பழக்கம். இங்கே மகள் கரோலின் தன் வாயாலேயே கேட்கிறாள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினாவுக்குப் பொறுக்கவில்லை. கறிவேப்பிலை கேட்கும் சாட்டில் உள்ளே போனாள்.

"பிள்ளை, மாப்பிள்ளை கிளிபோட் வீட்டுக்காரர் உதையும் கேட்டவையோ?"

"அவைக்கு ஏன் அன்ரி? ஈராக்குக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லுறன். களவாய் வந்த சாமான்."

"நான் முறையாய் எடுத்தனான்," என்றார் யேசுரட்ணம்.

"யூனிவர்சிட்டியில உந்த எழுத்தைத்தானே நான் படிச்சனான். நேற்று வாசிச்சுப் பார்த்தன். ஒரு தகப்பன் மகளுக்குக் குடுத்த சீதனம் உதில எழுதிக் கிடக்கு. ஒரு கட்டில், ரெண்டு கதிரை, ஒரு அம்மி."

யேசுரட்ணம் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கிறிஸ்ரினாதான் பேசினாள்.

"அண்ணை, சீதனம் பெட்டையின்ரை. எங்கட ஊர்ச் சட்டம் தேசவழமையும் அதைத்தான் சொல்லுது. ஆரோ ஒரு பெட்டையின்ரை சீதனத்தை நீங்கள் பூட்டி வைச்சிருக்கிறது சரியில்லை."

பலகை அடுத்த மாதமே ஈராக்குக்குப் போனது. கரோலின் கிளிபோட்டைக் கட்டி ரூஜ் பகுதிக்குக் குடிபோனாள். என்ன சீதனம் கொண்டுபோனாள் என்று ஒன்பதாம் மாடிக்கு இன்னும் தெரியவில்லை.