அக்கா எறும்பு பார்த்த சுவிட்சர்லாந்து

ஓர் அக்கா எறும்பும் தங்கை எறும்பும் முறுக்குப் பொட்டலத்துக்குள் ஏறிக்கொண்டு, யாரோ ஒரு குடும்பத்தின் பெட்டியோடு சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போய்ச் சேர்ந்தன. அந்தக் குடும்பம் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது, இரண்டும் கைப்பையில் தொற்றிக்கொண்டன.

உள்ளே பெரிய தொட்டியில் சாக்லேட் குழம்பு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. தங்கை வாய் பிளந்து நின்றது.

"அக்கா, இங்க வந்து பாரேன்! நம்ம முகமே தெரியுது."

"அப்புறம் பார்க்கலாம்டி," என்றது அக்கா. அது தரையில் கிடந்த சாக்லேட் துணுக்குகளை ஒவ்வொன்றாக, கீழே வைத்திருந்த கைப்பைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. "வெறுங்கையோட போனா புத்துல என்ன நினைப்பாங்க?"

தங்கை ஒரு துணுக்கை அங்கேயே உட்கார்ந்து ரசித்துத் தின்றது. பிறகு ஜன்னலில் ஏறியது. வெளியே பனிமலை வெயிலில் மின்னியது.

"ஒரே ஒரு தடவை மேல வா, அக்கா!"

"இந்தா வரேன், இது ஒண்ணு மட்டும்."

அதை இழுத்து முடிப்பதற்குள் குடும்பம் புறப்பட்டுவிட்டது. தங்கை ஓடிவந்து பையில் ஏறிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் புற்றே திரண்டு வந்து சாக்லேட்டை மொய்த்தது. வாயெல்லாம் இனிப்போடு எல்லா எறும்புகளும் அக்காவைச் சூழ்ந்துகொண்டன.

"சுவிட்சர்லாந்து எப்படி இருந்துச்சு?"

அக்கா வலித்த கால்களை நீட்டிக்கொண்டு சொன்னது:

"நல்ல கனம்."