கோட்டைத் தொட்டவன்

அஃப்தாபின் கால்களில் ஆளுக்கொரு பக்கமாக இருவர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பைக் கட்டிக்கொண்டு மூன்றாவது ஆள். கோடு இன்னும் ஒரு கை தூரம்.

ஆட்டம் முடியப்போகிறது. இந்தியா இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் ட்ரை. நாலு பாயிண்ட், கோப்பை.

கோப்பை கிடக்கட்டும். ஜெயிக்கிற அணிக்கு ஆஸ்திரேலியா போக விமான டிக்கெட். அஃப்தாபுக்கு வேண்டியது அதுதான்.

கபடியில் மூன்று தடவை மாநில அணிவரை போனான். மூன்று தடவையும் ரயில் ஏறுவதற்குள் பெயரை அடித்துவிட்டார்கள். இந்தப் போட்டிக்காக எடுத்த பாஸ்போர்ட்டை ஜெய்புன்னிசா பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் பூட்டி வைத்திருக்கிறாள். திருடன் வந்தால் முதலில் அதைத்தான் தூக்குவான் என்பது அவன் பெண்டாட்டியின் கணக்கு.

ரக்பி லீக் என்று ஒரு ஆட்டம் இருப்பதே போன வருஷம்வரை அவனுக்குத் தெரியாது. மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கல்லூரி மைதானம். புதிதாக ஆட ஆரம்பித்த நாலு நாடுகள். ஆளை மடக்கிச் சாய்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கடப்பாக்கம்வரை வந்து கபடிக்காரர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

ஓடும்போது கபடி கபடி என்று சொல்லித் தொலைக்காதே, மூச்சு வீணாகிறது என்று கோச் தலைகீழாக நின்று பார்த்தார். வாய் கேட்டால்தானே.

இப்போதும் சொல்லிக்கொண்டுதான் வந்தான், நன்றாகக் காதில் விழும்படி.

முந்தாநாள் ஆடிய மால்டாக்காரர்கள் எருமை மாதிரி மார்பில் வந்து மோதினார்கள். அதையாவது சமாளிக்கலாம். இந்த வங்கதேசத்துப் பையன்கள் குனிந்து கணுக்காலைத் தேடிப் பிடித்தார்கள். பிடித்தால் உடும்புப் பிடி.

"வுட்றாத மச்சான், கோடு கிட்டதான் கீது!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஆபிரகாம். அதே ஊர், அதே கபடி.

அஃப்தாப் சாய்ந்தான். சாய்ந்தவன் மூன்று பேரையும் சேர்த்து இழுத்தான். வலது கையை உதறி, உடம்பை நீட்டி, சுண்ணாம்புக் கோட்டின்மேல் விரல்களை அழுத்தினான்.

தொட்டுவிட்டான்!

துள்ளி எழுந்து தொடையைத் தட்டினான். வேன் பிடித்து வந்திருந்த கடப்பாக்கத்து ஜனம் மொத்தமும் விசிலடித்தது. அவன் அண்ணன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். அஃப்தாபுக்குக் கண் கலங்கிவிட்டது. போயாச்சு, ஆஸ்திரேலியா போயாச்சு.

நடுவர் மட்டும் விசில் ஊதவில்லை.

"அட பேமானி, பாலு பின்னாடி கீதுடா!" ஆபிரகாமின் குரல் கிறீச்சிட்டது.

பந்து அதுவரை வலது கையில்தான் இருந்தது. அந்தக் கையைக் காலி பண்ணிக்கொண்டுதான் கோட்டைத் தொட்டிருக்கிறான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் தொட்டு வருகிறான்.

பின்பக்கம் விழுந்த பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அஃப்தாப் திரும்புவதற்குள் ஒல்லியான வங்கதேசத்துப் பையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓட்டமெடுத்தான். துரத்த வேண்டியவர்களில் பாதிப்பேர் அஃப்தாபைக் கட்டிப்பிடிக்க எதிர்த்திசையில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான். இனி அவனை யாரும் பிடிக்க முடியாது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அஃப்தாபால் முடியவில்லை. யாரும் சொல்லாமலே ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய் ஜெய்புன்னிசாவிடம் இதை எப்படிச் சொல்வது? பந்தை வைக்க மறந்துவிட்டேன் என்றா?

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தான்.

அங்கே ஏற்கெனவே மூன்று பேர் வரிசையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பச்சைப் பனியன். அவனைப் பிடித்துத் தொங்கிய அதே மூன்று பேர். அவன் கோட்டைத் தொட்டதும் பிடியை விட்டு, யாரும் கூப்பிடாமல், எழுந்து வெளியே வந்திருக்கிறார்கள்.

அவுட்.

அந்த ஊரிலும் கபடிக்காரர்களைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

அவர்களுடைய கோச் ஓரமாக நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மூவரும் அசையவில்லை. அவுட்டானவன் நினைத்தபோதெல்லாம் உள்ளே நுழைய முடியுமா? தன் அணி பாயிண்ட் எடுத்தாக வேண்டும், ஒரு பாயிண்டுக்கு ஒரு ஆள்.

எதிர்க்கோடியில் நடுவர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். ட்ரை. நாலு பாயிண்ட்.

விசில் கேட்டதும் முதல் ஆள் எழுந்து மைதானத்துக்குள் ஓடினான். அவனுக்குப் பின்னால் இரண்டாமவன், வெளியே வந்த அதே வரிசையில்.

மூன்றாமவன் ஓடவில்லை. அஃப்தாபின் முகத்தைப் பார்த்தான். நாலு விரலை நிமிர்த்திக் காட்டினான். உள்ளே போன இருவருக்கு இரண்டு விரலை மடக்கினான். தன் நெஞ்சைத் தொட்டு ஒன்றை மடக்கினான்.

மிச்சமிருந்த விரலை அஃப்தாபிடம் நீட்டி, எழுந்து வா என்று தலையை ஆட்டினான்.