வரிசையில் இல்லாத பெயர்

எங்கள் ஷன்வானி குடும்பத்தில் யார் இறந்தாலும் நாளிதழுக்கு இரங்கல் அறிவிப்பு எழுதுவது நான்தான். துக்கப்படும் உறவினர்களை வயதும் பதவியும் பார்த்து வரிசைப்படுத்துவேன். ஒரு பெயர் இடம் மாறினாலும் மன்சூரா நகரமே பேசும். அதனால்தான், "உங்கள் அறிவிப்பில் பெயர் வரிசை தவறாக உள்ளது" என்று மின்னஞ்சல் வந்ததும் பதறிப்போய் அதிலிருந்த இணைப்பைத் திறந்து, என் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன்.

மோசடிக்காரர்களிடம் சிக்கிய கணக்கை மீட்கத் தம்பி மகள் நஹ்லா வந்தாள்.

"செத்தது யாருன்னுகூடக் கேக்காம வரிசையத் திருத்தப் போயிட்டீங்களா, பெரியப்பா?" என்று சிரித்தாள்.

"வரிசைதாம்மா நம்ம மானம்."

அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். வேறு எங்கெல்லாம் கணக்கு திறந்திருந்ததோ அங்கெல்லாம் மூடினாள். பிறகு காபி போடப் போனாள்.

வரைவுகளில் நான் எழுதாத ஓர் இரங்கல் அறிவிப்பு இருந்தது. இறந்தவர் பெயருக்கான இடம் காலி. கீழே உறவினர் வரிசை பிசகாமல் இருந்தது. முதல் பெயர் என்னுடையது. நேற்று நீதிபதியான மருமகனின் புதுப் பதவிகூட இருந்தது. நஹ்லாவை மட்டும் காணவில்லை. அந்த வரிசையில் வராத உறவு இறந்தவர் ஒருவர்தான்.

அவள் பெயரைச் சேர்த்துச் சேமித்தேன். மறுபடி திறந்தபோது இல்லை. மூன்று முறை சேர்த்தேன். மூன்று முறையும் மறைந்தது.

"சர்க்கரை எவ்ளோ, பெரியப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"உன் இஷ்டம்மா."

முதலில் இருந்த என் பெயரை அழித்தேன். அந்த இடத்தில் அவள் பெயரை எழுதிச் சேமித்தேன். மீண்டும் திறந்து பார்த்தேன்.

இந்த முறை இருந்தது.