இறங்க மறுக்கும் துடிப்பு

படுத்துக் கிடக்கும் லாரி டயரில் சம்மட்டி விழுந்து எகிறுகிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரை அதிர்கிறது. இருபதாவது அடியோடு நிறுத்தி, சம்மட்டியை ஊன்றி நின்று தம்பி மூச்சு வாங்குகிறான். இதயத் துடிப்பு நூற்றிருபதுக்கு இறங்கினால்தான் அடுத்த சுற்று என்பது பயிற்சியாளரின் கண்டிப்பு. வாட்சில் நூற்று அறுபது, நூற்று நாற்பது, நூற்று முப்பது. மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், தோளில் புதுத் துண்டோடு உள்ளே வருகிறான். தம்பி டயரையே முறைக்கிறான். பயிற்சியாளர் வாட்சை எட்டிப் பார்க்கிறார். “என்னப்பா, சும்மாதானே நிக்கிற? நூத்தி எழுபது காட்டுது?” “இவனுக்கு இன்னும் என்னைப் பார்த்தா பயம்தான்,” என்று அண்ணன் சிரிக்கிறான். தம்பி வாட்சைக் கழற்றி, டயரின் மேல் பதமாகக் கவிழ்த்து வைக்கிறான். அதன் அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு இன்னும் துடிப்பைத் தேடி மினுங்குகிறது. சம்மட்டி தலைக்கு மேல் எழுகிறது.